முதல் கை எழுதியது

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனிக்கு அடியில் இருந்த புது அந்தியோக்கியாவில் கழிவறைக் குழாய் மாற்றுவதென்றாலும் முதலில் வேதத்தின் மூல ஏட்டை வாசித்துச் சொல்லும் மூலவாசிப்பு வந்தாக வேண்டும். குடியேறியவர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்த மூலம் ஒரே ஒரு பப்பைரஸ் ஏடு. ஆதித் திருச்சபை ஒன்று தன் மக்களுக்குக் கிரேக்கத்தில் எழுதிய நிருபம் அது. மற்றதெல்லாம் அதன் பிரதிகள். பிரதிகள் முரண்பட்டால் ஏட்டை ‘மைக்கண்’ முன்னால் வைப்பார்கள். அந்தக் கருவி மையை அடுக்கடுக்காகப் பிரித்து, முதலில் எழுதிய கை எது, பின்னால் திருத்திய கை எது என்று காட்டிவிடும்.

அதைப் படிக்கத் தெரிந்தவள் கெசியா ஒருத்திதான். முதல் கை எழுதியதே வேதம், மற்றதெல்லாம் பின்னால் சேர்த்த ஒட்டு என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவள். ஊர் உருகிப் பாடும் வசனங்களைக்கூட ஒட்டு என்று தள்ளி, வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவள். அப்படியொரு பொல்லாத நேர்மை! ஊர் அவளைத் திட்டிக்கொண்டே நம்பியது.

அன்று வெளிக்கதவுக்கு அப்பால் ஒரு பனிவண்டி வந்து நின்றது. சுரங்கத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொற்றுக் காய்ச்சல். வண்டியில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் கெசியாவின் தம்பி ஆசீரும் இருந்தான்.

கொள்ளைநோய் நாளில் கதவைத் தட்டுகிறவனைப் பற்றி நிருபத்தில் ஒரு வரி உண்டு. ஒரு பிரதியில் ‘திறவுங்கள்’, இன்னொன்றில் ‘திறவாதிருங்கள்’. மூலத்தில் அந்த இடம் முழுக்கக் கறை. சபை மூப்பர் தேவவரம் வந்து, பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்.

மைக்கண் கறையை விலக்கியது. ‘திறவுங்கள்.’ கெசியாவுக்குப் போன உயிர் வந்தது. அடுத்த அடுக்கு தெளிந்ததும் வந்த உயிரும் போயிற்று. மேலே இருந்தது பின்னால் வந்த கை. அதற்கடியில், சுரண்டப்பட்ட முதல் கை: ‘திறவாதிருங்கள்.’ சந்தேகத்துக்கே இடமில்லை.

பாழாய்ப்போன இந்தப் படிப்பை ஏன் படித்தோம் என்று அழுகை வந்தது அவளுக்கு. காய்ச்சல் உள்ளே பரவினால் ஊர்ப் பிள்ளைகள் சாகலாம். முதல் கைக்கும் அந்தப் பயம்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கே ஆசீர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பானே! மைக்கண்ணின் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

“ஐயா, முதல் கை ‘திறவுங்கள்’னுதான் எழுதியிருக்கு.”

ஏட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய். நாக்கு கூசியது. சீக்கிரம் போய்க் கதவைத் திறக்கச் சொல்லும்படி அவரைக் கெஞ்சினாள். தேவவரம் உள்ளே வந்து, ஆற அமர நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்களை அப்பவே உள்ள எடுத்தாச்சு டீச்சர். தனி அறையில படுத்திருக்காங்க. உங்க தம்பி கஞ்சிகூடக் குடிச்சிட்டான். தட்டுற சத்தத்தை யாரால கேட்டுக்கிட்டே இருக்க முடியும்? கதவைத் திறந்துட்டோம், வசனம்தான் இல்லாம இருந்துச்சு.”

கெசியா அணைத்த திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் ‘திறவாதிருங்கள்’னு சொல்லியிருந்தா?”

“அதுக்கும் ஒரு வியாக்கியானம் யோசிச்சு வெச்சிருந்தோம்” என்று சொல்லிவிட்டு, எல்லாப் பிரதிகளையும் திருத்த உத்தரவு போடப் போனார் அவர்.

கெசியா திரையை மறுபடி போட்டாள். நேற்றுவரை ஒட்டுக்காரன் என்று அவள் ஏசியிருக்கக்கூடிய அந்த இரண்டாம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதன் வீட்டிலும் அன்று யாரோ ஒரு காய்ச்சல்காரன் ஏற்கெனவே படுத்திருந்திருப்பான். அதன் பிறகுதான் அவன் எழுதுகோலை எடுத்திருப்பான்.