ஞாயிறன்று மாட்டிய பெட்டி

சனிக்கிழமை மாலை, சவாயி தீவின் தெற்குக் கரைச் சாலையில் பேருந்து நின்றது. ஓட்டுநர் வாழைத்தார்களுக்கு நடுவிலிருந்து ஒரு சாக்கை இறக்கி அலைசாவிடம் கொடுத்தார். உள்ளே இருந்தது வால்வு வைத்த பழைய ப்ரீஆம்ப். மைக்கில் விழும் குரலைப் பெருக்கித் தரும் பெட்டி. பக்கத்து ஊரில் மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன பாடகர் தூலாவுடையது. அவர் மகள் அதை விற்றுத் தலைமுழுகிவிட்டாள்.

"வேற பழசே கிடைக்கலியா மனுஷா?" என்றாள் மனைவி பெனினா, மூக்கைப் பொத்திக்கொண்டு. "அந்த ஆளு ரெண்டு வருஷம் இது முன்னாடியே உக்காந்து இருமி இருமிச் செத்தாரு."

"நல்ல சாமான். குரலுக்கு உடம்பு குடுக்கும்."

"குடுக்கும், குடுக்கும். யாரு உடம்புன்னுதான் தெரியல."

அலைசாவுக்கு வேண்டியது சாமான் மட்டுமல்ல. திங்கட்கிழமை தேவாலயத்தின் நூற்றாண்டு விழா. ஊரே அழுதுகொண்டு பாடும் அந்தத் துதிப்பாடலை அன்று ஒலிபரப்பப் போகிறார்கள். அது அலைசாவின் தகப்பன் கட்டிய பாட்டு என்பது ஊரறிந்த செய்தி. அதனால்தான் குடும்பத்துக்குத் தலைவர் பட்டமும் சபையில் முதல் வரிசையும் கிடைத்தன. ஆனால் பாட்டைக் கட்டியவர் தூலா. சாகும்போது தகப்பனே ஒப்புக்கொண்டார். உயிரோடிருந்தவரை தூலாவும் ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார். ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. இப்போது அவருடைய பெட்டியே தன் தகப்பன் பெயரைச் சொல்லப் போகிறது என்பதில் அலைசாவுக்கு ஓர் இறுமாப்பு.

பாடகர் குழு பாடிப் பதிந்தாயிற்று. பாட்டுக்கு முன்னால் கட்டியவர் பெயரைச் சொல்லும் அறிவிப்பு மட்டும் பாக்கி. அது இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பாட்டும் தொடங்காது.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து ஊர் உறங்கியது. அந்த நாளில் வேலை செய்வது ஊர்ச்சபை விலக்கிய குற்றம். அலைசா, பாட்டுப் பதியும் பின்னறையின் சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒலிக்கருவிகளை அடுக்கிய இரும்பு ரேக்கின் முன் மண்டியிட்டார். பழைய பெட்டி எதுவானாலும் முதலில் மூடியைத் திறந்து துடைக்க வேண்டும். மூடியின் திருகுகள் துருவேறிக் கிடந்தன. தட்டினால் சத்தம் கேட்கும். திறக்காமலே மாட்டினார். சூடாகும் பெட்டிக்கு மேலே ஒரு வரிசை காலி விட வேண்டும். அதற்கும் இடமில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அதை நெருக்கித் தள்ளி, அதன் இருபுறமும் நீட்டியிருந்த தகட்டுக் காதுகளில் நான்கு திருகுகளை முடுக்கினார்.

விசையைப் போட்டார். வால்வுகள் சிவந்தன.

முதலில் வந்தது கருகிய தூசியின் வாடை. அது கலைந்ததும் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. நோயாளியின் கட்டிலுக்கு அடியில் கழுவாமல் விட்ட கிண்ணத்தின் வாடை. இனிப்பும் புளிப்புமாக, நாக்கின் வேரில் வந்து ஒட்டியது.

மூக்கைச் சுளித்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினார்.

"இந்தப் பாடலைக் கட்டியவர்..."

காதுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நின்றார். மறுபடி தொடங்கினார். தகப்பனின் பெயர் உதட்டுக்கு வந்ததும் அந்தச் செருமல் வந்தது. இம்முறை நீளமாக, ஈரமாக, ஆழத்திலிருந்து எதையோ திரட்டி மேலே கொண்டுவருவது போல.

பெட்டியின் முகப்பில் இருந்த காற்றோட்டத் துளைகள் பளபளத்தன.

மஞ்சளாக ஒரு துளி.

அது வழியவில்லை. நூலாக இழுபட்டுத் தொங்கியது. கீழ்ப்பெட்டியின் குமிழ்கள் மேல் மெதுவாக அமர்ந்தது. துணியால் துடைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு. துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது, இரண்டு துளையில், பிறகு எல்லாத் துளைகளிலும்.

கதவுக்கு வெளியே பெனினா கிசுகிசுத்தாள். "உள்ள யாரு இருமுறது?"

"யாரும் இல்ல. போய்ப் படு."

"பேர மாத்திச் சொல்லிப் பாரு."

அவர் துணியை மடித்துத் துளைகள் மேல் அழுத்தினார்.

"சாகும்போது உங்கப்பா சொன்னது எனக்கும் கேட்டுச்சு மனுஷா. எச்சில் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே. தூலா பேரச் சொல்லிடு. செத்தவருக்கு அது போதும்."

"நாளைக்கு நான் எந்த வரிசையில உக்காருறது? எங்கப்பாவத் திருடன்னு நானே மைக்குல சொல்லணுமா?"

"சொல்லாட்டி மட்டும் என்னவாம்?"

"வாய மூடு!"

சொன்ன வாய்க்குள் எதுவோ இருந்தது. கொழகொழவென்று, முட்டையின் வெள்ளை போல. அவருடையதல்ல. தன் எச்சில் எது என்று மனிதனுக்குத் தெரியும். இதில் புகையிலை கசந்தது. அவர் பிறந்ததிலிருந்து புகையிலையைத் தொட்டவரில்லை.

துணியில் துப்பினார்.

திருகுகள் கையில் வழுக்கின. ஒருவழியாகக் கழற்றி, பெட்டியைச் சாக்கில் சுற்றி, பன்றிப் பட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். எதையும் விடாத பன்றிகள் அந்தப் பக்கம் வராமல் வேலியோரம் ஒண்டி நின்றன. திரும்பி வந்து வாயைக் கொப்பளித்தார். மைக்கை நேரே கணினியில் செருகி, தகப்பனின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். மூன்று முறை போட்டுக் கேட்டார். எந்தச் சத்தமும் இல்லை.

திங்கட்கிழமை காலை. வெள்ளை உடையில் நானூறு பேர். கடல்காற்று சன்னல்களில் புகுந்து புறப்பட்டது. முதல் வரிசையில் அலைசா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கணீரென்று எழுந்தது.

"இந்தப் பாடலைக் கட்டியவர்..."

தகப்பனின் பெயர் ஒலித்தது. சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல்.

போதகர்தான் முதலில் கைக்குட்டையை எடுத்தார். உதட்டில் அழுத்தி, எதையோ துப்பி, விரித்துப் பார்த்து முகம் வெளுத்தார். பின்னால் ஒரு கிழவி விசிறியால் வாயை மறைத்தாள். குழந்தைகள் நாக்கை நீட்டித் தாயின் உடையில் துடைத்தன. பாடகர் குழு மொத்தமும் குனிந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு முழங்க, நானூறு வாய்கள் திரட்டித் துப்பும் சத்தம் அதற்குக் கீழே தாளம் போல ஓடியது.

பெனினாவும் துப்பினாள். பிறகு கணவரைப் பார்த்தாள். சபை முழுவதும் ஒவ்வொருவராக நிமிர்ந்து அவரைத்தான் பார்த்தது.

அலைசாவின் கன்னங்கள் புடைத்திருந்தன. வாய் நிறைந்து, உதட்டோரம் மஞ்சளாக மினுங்கியது. சபை நடுவே துப்புவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. துப்பினால் தகப்பனின் திருட்டை ஒப்புக்கொண்டதாகும்.

கண்ணை மூடி விழுங்கினார்.

அது இறங்கி முடிவதற்குள், நாக்கின் அடியில் அடுத்தது வெதுவெதுப்பாக ஊறத் தொடங்கியது.