படிக்கு அந்தப்பக்கம்

ஜீப்பை விட்டு இறங்கியதும் இன்ஸ்பெக்டர் அந்த வழிபாட்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரே ஒரு வாசல். மற்ற மூன்று பக்கமும் ஜன்னல்கூட இல்லாத மொட்டைச் சுவர். எங்கேயும் ஓடிவிட முடியாது.

மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற மெக்கானிக் உள்ளேதான் இருந்தான். அங்கே அடைக்கலம் புகுந்தவனை யாரும் தொடக் கூடாது என்பது பழைய விதி. சட்டமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. படி தாண்டிப் பிடித்தால் கைது செல்லாது, வழக்கே கவிழ்ந்துவிடும். அவனாகத்தான் வெளியே வரவேண்டும்.

"மாமியார் வீட்டுக்குப் பயந்து இங்க வந்து ஒண்டிக்கிட்டான் மேடம்," என்று கான்ஸ்டபிள் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த காவலாளியைப் பார்த்தாள்.

"நீங்கதானே அவனுக்குச் சாப்பாடு குடுக்கிறீங்க?"

"நான் படிக்கு அந்தப்பக்கம் போனதே இல்லைம்மா."

"அப்போ உள்ள எண்ணெய் எரியிற வாடை வருதே, விளக்கு யாரு ஏத்துறா?"

காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினார்.

இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளேயோ படியைத் தாண்டி நாலடிக்கு மேல் கண் போகவில்லை. அந்த இருட்டின் விளிம்பில், ஒரு தூணைக் கட்டிப்பிடித்தபடி மெக்கானிக் நின்றிருந்தான்.

"மேடம், என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுங்க."

"நீயா வெளிய வா."

"முடியல. விடமாட்டேங்குது."

"எதுடா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தான்.

நாடகம் போடுகிறான் என்று நினைத்தாள். எவனோ வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறான்; நான் படியில் கால் வைத்தால் போதும், இவன் தப்பித்துவிடுவான்.

"தொடக் கூடாதுங்கிறதெல்லாம் உங்களுக்குத்தான் மேடம்," என்றான் அவன், கிசுகிசுப்பாக. "உள்ள வந்தவன் அதுக்குச் சொந்தம். நான்தான் கொன்னேன். ஒத்துக்கிறேன். தூக்குலகூடப் போடுங்க. இங்க மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க."

பொய் அழுகையை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். இது அது இல்லை.

கால்களைப் படிக்கு வெளியே ஊன்றிக்கொண்டு வலது கையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு நீயா வந்துடு."

இருட்டுக்குள் ஒரு கை அவள் கையைப் பற்றியது.

ஐஸ் போல் இருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அசையவில்லை.

"மேடம்..." கான்ஸ்டபிளின் குரல் உடைந்தது. "அவன் ரெண்டு கையும் தூண்லதான் இருக்கு."

பார்த்தாள்.

தூணில்தான் இருந்தன.

அவளைப் பற்றியிருந்த கை இழுக்கவில்லை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நிதானமாகத் தடவிப் பார்த்தது. சந்தையில் எதையோ வாங்க வந்தவர் பார்ப்பதுபோல.

பிறகு விட்டது.

அவள் மல்லாந்து விழுந்தாள். எழுந்து பார்த்தபோது தூண் மட்டும் இருந்தது. அவன் ஒரு சத்தம்கூடப் போட்டிருக்கவில்லை.

மறுநாள் கோர்ட் அனுமதியோடு உள்ளே தேடினார்கள். ஆளும் இல்லை, விளக்கும் இல்லை. தரையில் படிந்திருந்த தூசியில் ஒரு காலடிகூட இல்லை. காவலாளிதான் ஏதோ வழியில் தப்பவிட்டிருக்கவேண்டும் என்று மேலதிகாரிகள் அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்று சாயங்காலம் மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஓடிவந்த குழந்தை, அம்மாவின் வலது கையைப் பிடிக்கப்போய்ச் சட்டென்று நின்றது.

"என்னடி?"

குழந்தை அவள் கையையே பார்த்தது. பிறகு பார்வை மெல்ல உயர்ந்து, அவளுக்குப் பக்கத்தில், ஆளுயரத்தில் போய் நின்றது.

"உன் கையைப் பிடிச்சிட்டிருக்கிறது யாரும்மா?"