பதினேழாவது குழி

காலியாக இருந்த குழியிலிருந்துதான் மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஆய்வகத்தில் இளையவள் மட்டும். ரத்தப் புட்டிகளை உடம்புச் சூட்டில் வைத்துத் தாலாட்டி, உள்ளே ஏதாவது கிருமி மூச்சுவிட்டால் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும் அந்த இயந்திரம் அவளுக்கு ஏழு வருடப் பழக்கம். காரணமில்லாமல் வாய் திறக்காது. அந்த விஷயத்தில் மனிதர்களுக்கு மேல். மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் அக்காவின் புட்டி பதினாறாவது குழியில் இருந்தது. அது சத்தமே காட்டவில்லை. அடித்தது பதினேழு.

மணியை அணைத்தாள். ஜன்னல்கள் மூடியிருந்தன, ஏசி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது, எங்கிருந்தோ வந்த புளித்த மாவு வாசனை மட்டும் அவள் திரும்பிய பக்கமெல்லாம் கூடவே திரும்பியது.

தூசியோ என்னவோ என்று குழிக்குள் விரலை விட்டாள். திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. எடுத்தாள். இறங்கியது. மறுபடி விட்டாள். ஏறியது.

விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அக்காவைச் சேர்த்த அன்றைக்கு அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. "ரப்பர் கை வேணாம்டி. உன் கையக் குடு." கையுறையைக் கழற்றாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள், கழற்றினாள். அக்காவின் கழுத்தில் குழாய் ஏறும் இடத்தில் ஒட்டியிருந்த முடியை அதே விரலால் ஒதுக்கியும் விட்டாள். பாவி, தெரிந்தேதான் செய்தாள்.

விரல் நுனியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, நெருப்பில் காட்டி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஊதா நிறத்தில் முட்டை முட்டையாக. ஈஸ்ட். ரத்தத்தில் ஏறினால் ஆளையே கொண்டுபோகும் ரகம். ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு மொட்டு. நெருப்பில் செத்தவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டுகள் பருத்தன.

பதினாறு அடித்தது.

அவசரமாக உறை மாட்டினாள். அதன்மேல் இன்னொன்று. போன் அடித்தது. மாடி நர்ஸ்.

"மேல வர்றீங்களா? அக்கா முழிச்சிட்டாங்க. உங்க கைதான் வேணுமாம்."

"அக்கா ரத்தத்துல ஈஸ்ட் ஏறியிருக்கு. டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. நான் வரல."

"வரலையா? கைய நீட்டிட்டே இருக்காங்களே. உறை போடாம வரச் சொல்றாங்க."

புளித்த வாசனை அவள் கையிலிருந்துதான் வந்தது. போனைப் பிடித்திருந்த கையில் உறை இறுகியது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். விரலே இல்லாத இடத்தில். ரப்பர் மெல்ல உப்பியது. நீண்டது. உள்ளிருந்து ஒரு நகம் அதைக் கீறியது.

ஆறாவது விரல், மாடியை நோக்கி வளைந்தது.