பெரிய மூடி நின்ற நேரம்

"நம்பிச் சொன்னவன இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களே சார்."

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்திருந்தாள். அவளுடைய தம்பி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒவ்வொன்றும் ஒரு அளவில் பாத்திர மூடி அடிக்கும் ஐந்து பிரஸ்களையும் பழுது பார்ப்பவன் அவன்தான்.

ஆலோசகர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "என்ன ஆச்சும்மா?"

"நேத்து உங்ககிட்ட தனியா பேசினான். இன்னைக்குக் காலைல மேனேஜர் பிரஸ்ஸுக்குள்ள கம்பி கட்டியிருக்குன்னு எடுத்துக் காட்டி, நீதான் கட்டினேன்னு சொல்லி அவனை வெளிய நிறுத்திட்டாரு. சாயங்காலம் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாம். ரெண்டு குழந்தைங்க சார் அவனுக்கு."

ஆலோசகர் வெளியிலிருந்து வந்து போகும் நிபுணர் அல்ல. நிறுவனத்தின் சொந்த ஆள். வேலை எங்கே இடிக்கிறது என்று ஆட்களைத் தனித்தனியாகக் கேட்பார். சொன்னவர் பெயரை விழுங்கிவிட்டு, விஷயத்தை மட்டும் முதலாளியம்மாவிடம் வாயால் சொல்வார். யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆட்கள் நம்பிப் பேசுவதுதான் அவருடைய கைமுதல். அதுவும் போய்விட்டால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

ஃபிட்டர் சொன்ன விஷயம் சாதாரணமானதல்ல. பிரஸ்ஸின் முன்கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். வேலை தாமதமாகிறதே என்று யாரோ உள்ளே இருக்கும் சுவிட்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இனிமேல் கதவு திறந்திருந்தாலும் பிரஸ் இறங்கும். நடுவில் ஒரு கை இருந்தாலும் இறங்கும்.

"மேனேஜர் சோதனை போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"எங்க இருப்பேன், பெல்ட்டு முன்னாடிதான். நாலாவது பிரஸ்ல அடிக்கிற பெரிய மூடி கொஞ்ச நேரம் வரல. மத்த சைஸெல்லாம் காலைலேர்ந்து விடாம வந்துட்டே இருந்துச்சு, நிமிரக்கூட முடியல. தம்பி வெளிய நிக்கிறான்னு சாப்பாட்டு நேரத்துலதான் எனக்கே தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, மூலையில் துடித்துக்கொண்டிருந்த உதவியாளர் எழுந்தாள். எதற்கும் முந்திக்கொள்வதால் தொழிற்சாலையில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர்.

"யாரோ நம்ம கதவுக்கு வெளிய ஒட்டுக்கேட்டிருக்காங்க சார். டீ கொண்டு வந்தவரக் கேட்போமா?"

"ஒட்டுக்கேட்டவனுக்கு எந்த மெஷின்னு தெரிஞ்சிருக்காது. ஏதோ ஒரு பிரஸ்ல கட்டியிருக்குன்னுதான் ஃபிட்டர் சொன்னான். பயந்துபோயிருந்தான், நானும் தோண்டல."

"ஆனா காலைல முதலாளியம்மா மீட்டிங்ல மேனேஜர்கிட்ட ரெண்டாவதுன்னு சொன்னீங்களே?"

"ரெண்டாவதுல ஆரம்பிச்சு அஞ்சையும் பாருங்கன்னு சொன்னேன். அவன் ஒரு வாரமா ரெண்டாவது பக்கமே போகல. சொன்னவனுக்குச் சம்பந்தமில்லாத இடத்துல ஆரம்பிக்கிறது என் வழக்கம். வா, மேனேஜரப் பார்க்கலாம்."

மேனேஜர், முதலாளியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பிரஸ்களின் சத்தம் காதில் இடிக்கும் அந்தக் கூடத்தில் அவர் மட்டும் நிதானமாக நின்றிருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆலோசகர் சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க சொன்னபடிதான். ரெண்டாவதுல ஆரம்பிச்சு அஞ்சையும் ஒவ்வொண்ணா பார்த்தேன். நாலாவதுல மட்டும்தான் கட்டியிருந்துச்சு."

"ஓட ஓட பார்த்தீங்களா?"

"என்ன சார், சுவிட்ச் உள்ள இருக்கு. ஒவ்வொண்ணையும் நிறுத்தித்தான் தொறக்கணும். உள்ள கை வைக்கிற ஆள் ஃபிட்டர் ஒருத்தன்தானே, அதான் பிடிச்சேன்."

ஆலோசகர் நன்றி சொல்லிவிட்டு நேரே மாடிக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மாவின் அறையில் மேனேஜரும் ஃபிட்டரும் அவனுடைய அக்காவும் நின்றார்கள். ஃபிட்டர் ஆலோசகரின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவருக்கு அடிபட்டதுபோல் வலித்தது.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார் முதலாளியம்மா. "உள்ளூர் மாடு விலை போகாதும்பாங்க. உங்கள வெச்சுக்கிறதுக்குப் பதிலா வெளியாளுங்களக் கூப்பிடலாம்னு தம்பி ரொம்ப நாளா சொல்றான். நான்தான் கேக்கல."

"ஒரு போன் போடுங்கம்மா. காலைலேர்ந்து எந்தெந்த மூடி வர்றது நின்னுச்சுன்னு பேக்கிங் சூப்பர்வைசரக் கேளுங்க."

முதலாளியம்மா கேட்டார். பதில் வந்ததும் புருவம் சுருங்கியது. "பெரிசு மட்டும்தான் நின்னுச்சாம்."

"பெரிய மூடி அடிக்கிறது நாலாவது பிரஸ். அஞ்சையும் நிறுத்தித் தொறந்து பார்த்தேன்னு மேனேஜர் இப்பதான் எங்ககிட்ட சொன்னாரு. அஞ்சும் நின்னிருந்தா அஞ்சு சைஸும் நின்னிருக்கணும்."

தவளை தன் வாயால் கெட்டுவிட்டது. 'அவசரம்' வாயைத் திறந்தாள். ஆலோசகர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"ரெண்டாவதுல ஆரம்பிங்கன்னு சொன்ன பிறகும், அதத் தொடாம நேரா நாலாவதுக்குப் போனாரு. நம்பர் எனக்கே தெரியாது. ஒட்டுக்கேட்டவங்களுக்கும் தெரியாது. கட்டினவருக்கும் கட்டச் சொன்னவருக்கும்தான் தெரியும்."

"அவனே கட்டினத நான் பார்த்திருக்கலாம்ல?" என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

"பார்த்திருந்தா ஏன் அஞ்சையும் தொறந்தேன்னு சொன்னீங்க? அவனேதான் கட்டினான்னா, என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றான்? விஷயம் வெளிய வந்த உடனே சொன்னவன் மேலயே பழியப் போட்டீங்க, சொன்னது யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கட்டுன்னு யார்கிட்டயோ சொல்லி, அந்த ஆள் மாட்டேன்னு மறுத்திருந்தா மட்டும்தான் தெரியும்."

முதலாளியம்மா ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "யாருப்பா கட்டச் சொன்னது?"

ஃபிட்டர் அப்போதுதான் ஆலோசகரைப் பார்த்தான். "சொன்னா என் பேரு இந்த ரூமத் தாண்டி வெளிய வருமா சார்?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி அவருக்கு ஆசை வந்தது. "வரும்ப்பா. இந்தத் தடவ என்னால மறைக்க முடியாது. நீ சொல்லணும்னு கட்டாயமும் இல்ல."

அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று சொல்கிறாளா, சொல்லிவிடு என்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"வரட்டும்," என்றான் அவன். "மேனேஜர் சார்தாம்மா. ஆர்டர் அவசரம், கதவு தொறக்கறப்பல்லாம் நின்னா கட்டுப்படியாகாதுன்னாரு. நான் மாட்டேன்னேன். என் கண்ணு முன்னாடியே அவரே கட்டினாரு. இன்னைக்கு என்னைய வெளிய நிறுத்தின உடனே அதே கம்பிய மறுபடி கட்டி மெஷினை ஓட விட்டுட்டாரு. ஜன்னல் வழியா பார்த்தேன். அங்க இப்பவும் ஆள் நிக்கிறாங்கம்மா."

முதலாளியம்மா போனை எடுத்து, ஐந்தையும் உடனே நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு தன் தம்பி பக்கம் திரும்பினார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தினார்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார். "நம்ம அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."