இன்பநாதனின் சுத்தமான மூக்கு

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் உணவுக்கூடத்தில் வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு முந்நூறு பேரும் தலையை அண்ணாந்து உட்காருவார்கள். செவிலி எந்திரன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடும். மணி அடித்ததும் எல்லோரும் சேர்ந்து உறிஞ்சுவார்கள். கர்ரென்று அந்த வழுவழுப்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான் இட்லி வரும்.

சொட்டுக்குப் பெயர் மூக்குக்காப்பு. கடைசியாகச் சளி பிடித்தவரின் மூக்கிலிருந்து கிருமியை எடுத்து, வளர்த்து, வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. இம்முறை அந்தப் பெருமை கொதிகலன் பிரிவு தாசரதிக்கு. தட்டில் தும்மிவிட்டு அதே தட்டில் சாப்பிடுகிற மனிதர்.

இன்பநாதனுக்கு இது மட்டும் ஆகாது. முந்நூறு பேரின் சிறுநீரைக் குடிநீராக்கி முதல் டம்ளரை ருசி பார்க்கிற பொறியாளர்தான் அவர், அதில் கூச்சமில்லை. சொட்டு விழுந்ததும் கழிவறைக்கு ஓடி மூக்கைச் சிந்திவிட்டு, பூமியிலிருந்து வந்த சளித் தடுப்பூசியைத் தோளில் போட்டுக்கொள்வார்.

"தாசரதி மூக்குல இருந்ததை நான் உறிஞ்சணுமா? சீ," என்பார் மனைவி குந்தவையிடம்.

"ஊரே உறிஞ்சுது. உங்களுக்கு மட்டும் என்ன வந்துது?"

"ஊசி போட்டிருக்கேன். ஒருநாள் படுத்திருக்கேனா?"

படுத்ததில்லை, வாஸ்தவம்தான்.

குந்தவைக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. சின்னக் கிருமி பட்டாலும் பிழைக்காது என்பதால் தாயையும் சேயையும் கண்ணாடி அறையில் வைத்தார்கள். உள்ளே போகிறவர் மூக்கை மோப்பக்கதவு சோதிக்கும். வெப்பக்குழாயைப் பார்க்க வந்த தாசரதிக்குத் திறந்தது. குந்தவை குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்தார் இன்பநாதன், புது உடுப்பும் கையுறையுமாக. கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது, திறக்கவில்லை.

"உங்க மூக்கு முழுக்கக் கிருமி, சார்," என்றது எந்திரன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இருக்காது. ஊசி உங்க ரத்தத்துல காவல் போட்டிருக்கு, நுரையீரல் தப்பிச்சுது. மூக்குச் சவ்வுல காவலே இல்லை. கிருமி அங்கே சுகமா குடியிருந்து, உருமாறி, மூச்சுல வெளியே போகுது. தாசரதிக்கு உங்ககிட்டேயிருந்துதான் தொத்திச்சு. இப்ப முந்நூறு பேரும் உறிஞ்சறது உங்களோடதைத்தான்."

"நான் எப்ப குழந்தையைத் தூக்கறது?"

"சொட்டைச் சிந்தாம இருந்தா, ரெண்டு மாசம்."

கண்ணாடிக்கு அப்பால் தாசரதி குழந்தைக்குக் கொஞ்சு மொழி பேசிக்கொண்டிருந்தார். இன்பநாதனுக்கு அழுகை வந்தது, மூக்கும் ஒழுகியது. கைக்குட்டையை எடுத்து நன்றாகச் சிந்தினார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

எந்திரன் இரண்டடி பின்வாங்கியது.