வாளுறை மோதிய நடைவழி

ஜப்பானின் எச்சிகோ நாட்டில் அன்று விடிந்ததிலிருந்தே மழை. பழைய சிற்றரசரின் மாளிகைக்குக் காவல்காரனாக, மனைவி தொமேயும் கைக்குழந்தையுமாகக் குடிவந்தான் ஷிகெமோன். ஷோகன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி கவிழ்ந்து, இனி யாரும் வாள் கட்டக் கூடாது என்று உத்தரவும் வந்தாகிவிட்டது. வாள்வீரனுக்குரிய குடுமியை வெட்டிக்கொண்ட அவனுக்கு இடுப்பு வெறுமையாக இருப்பது மட்டும் பொறுக்கவில்லை. வாள் செருகும் இடத்தில் ஒரு சீமைக் குடையைச் செருகியிருந்தான்.

"மழை கொட்டுது, குடைய இடுப்புல சொருகியிருக்கீங்க! விரிச்சா உங்க கௌரவம் கரைஞ்சிடுமா?" என்றாள் தொமே.

"வாய மூடிக்கிட்டு வா."

இந்த வேலைக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. போரில் மாளிகையைக் காத்த வீரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் இங்கேயே மடிந்திருந்தார்கள். ஷிகெமோனுக்கும் பயம்தான். ஆனால் பயந்தால் பிள்ளைக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

தொமேயை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, சன்னல் கதவுகளைத் திறக்கப் போனான். நடைவழி நீளமாக, பகலிலும் இருண்டு கிடந்தது. ஈரப் பாயின் நாற்றம்.

வாள் கட்டியவர்கள் நடைவழியில் இடது ஓரமாகவே போவார்கள். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உறை, எதிரே வருபவரின் உறையில் பட்டால் தீராத அவமானம். உயிரைக் கொண்டுதான் அதைத் தீர்ப்பார்கள். வாளே போன பிறகு ஓரமென்ன நடுவென்ன? ஷிகெமோன் வலது ஓரமாகவே நடந்தான்.

டொக்.

அவன் இடுப்புக் குடையில் ஏதோ மோதியது.

எதிரே யாருமில்லை.

கிராம்பெண்ணெய் வாசனை வந்தது. வாளுக்குப் பூசும் எண்ணெய். பொத்தென்று மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தான்.

"தெரியாம பட்டிருச்சு... மன்னிச்சிடுங்க."

"நீ யாரோட ஆளு?" காதருகே ஒரு கிசுகிசுப்பு.

அவனுடைய எஜமானர் கோட்டையைப் புது அரசிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்.

"இப்ப... யாரோட ஆளும் இல்லீங்க."

"அப்போ உனக்காக யார்கிட்ட ஞாயம் கேக்கறது? நீயே தீத்துக்க."

காலடி ஓசை அவனைக் கடந்து உள்ளறைப் பக்கம் போனது.

பிள்ளை!

விழுந்தடித்து ஓடினான். பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தவன் கண்ணில், அறை நடுவே விரித்திருந்த வெள்ளைத் துணி பட்டது. அதன்மேல் சின்னக் கத்தி ஒன்று.

தொமே துணியைக் காட்டினாள். "இப்பத்தானே நீங்க வந்து விரிக்கச் சொன்னீங்க? எதுக்குங்க இது?"

எதற்கென்று அவளுக்கும் தெரியும். அவமானம் தீர வயிற்றைக் கிழித்துக்கொள்பவன் உட்காரும் துணி அது. அவன் அதிகம் துடிக்காமல் இருக்க, பின்னால் ஒருவன் நின்று தலையை எடுப்பான். வெட்டும் முன் வாளில் தண்ணீர் வார்த்துக்கொள்வான்.

"நான் வரவே இல்லடி. பிள்ளையத் தூக்கு. போயிடலாம்."

அவள் அசையவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தபடி இருந்தாள்.

"ஏங்க," என்றாள், காற்றாய் வந்த குரலில். "உங்க பின்னால நிக்கிறவரு யாரு?"

ஷிகெமோனின் பிடரியில், சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.