கொழுவக் கூடாத படம்

செத்த மனிசற்ற படத்தைச் சுவரில கொழுவி, ஒரு மாலை போட்டு, ஒரு விளக்கு வைக்கிறதில என்ன பிழை இருக்கு? நீங்களே சொல்லுங்கோ. நான் செய்தது அவ்வளவுதான்.

யட்விகா அன்ரியின்ர வீடு டோர்ட்மண்டுக்கு வெளியில, பழைய நிலக்கரிச் சுரங்கப் பக்கம் இருக்கு. புகை பிடிச்சுக் கறுத்துப்போன செங்கல் வீடு. நானும் என்ர மனிசன் கிரிதரும் அகதியா வந்து முதல் முதல் வாடகைக்கு இருந்தது அந்த வீட்டு மாடியிலதான். பிறகு நாங்கள் வேற இடம் போனாலும் அன்ரியை விடேல்லை. அவ போலந்துக்காரி. பழைய பிரபு வம்சமாம். "நிலமும் போச்சு, குதிரையும் போச்சு, மோதிரம் மட்டும் மிச்சம்" எண்டு விரலைக் காட்டிச் சிரிப்பா.

போன மார்கழி அன்ரி படியில விழுந்து இடுப்பெலும்பை முறிச்சுப்போட்டா. ஆசுப்பத்திரியில கிடந்துகொண்டே, நத்தாருக்கு, அதான் கிறிஸ்மசுக்கு, முதல் வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சுத் தரச்சொல்லிக் கிரிதரிட்டக் கதவுத் திறப்பைக் குடுத்தா. கிரிதருக்கு அதுதான் தொழில். கூட வேலை செய்யிற பெடியனுக்குக் காய்ச்சல் எண்டதால நானும் லீவு போட்டுட்டுத் தூரிகை கழுவப் போனனான்.

நாங்கள் போய்ச் சேரப் பின்னேரம் நாலு மணி. மார்கழியில நாலு மணிக்கே இருட்டிப்போகும். கதவைத் திறக்க, பூட்டிக்கிடந்த வீட்டு மணத்தோட, நனைஞ்ச கம்பளி மணமும் வந்தது. மழையில நனைஞ்ச கோட்டை ஆரோ இப்பதான் கழட்டி வைச்ச மாதிரி. கிரிதர் மூக்கைச் சுளிச்சுப்போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

உள்ளறைக்குள்ள அன்ரி எங்களை ஒருநாளும் விட்டதில்லை. அண்டைக்குத்தான் முதல் தரம் போறம். நீளமான சாப்பாட்டு மேசை, சுத்திவரக் கதிரையள். தலைமாட்டுக் கதிரையில ஆரோ இருந்தினம்.

சுவரைத் தடவித் தடவிச் சுவிச்சைத் தேடினன்.

லைற்றைப் போட்டால், ஆளில்லை. வெள்ளைச் சீலையால மூடின பெரிய படம் ஒண்டு, மனிசர் மாதிரிச் சாய்ஞ்சு இருந்தது. சீலையை இழுத்தன். மொட்டைத்தலை, தொங்கு மீசை, சிவப்பு அங்கி, இடுப்பில அகலப் பட்டி. கண் ரண்டும் என்னையே பாத்துக்கொண்டு இருந்தது. படத்தின்ர மேல் மூலையள் ரண்டிலயும் விரல் போற அளவு ஓட்டை. கழுத்துக்குக் குறுக்கால மெல்லிசாப் பெயின்ற் வெடிச்சிருந்தது.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ஆற்றையோ அப்பன்தானே இந்த மனிசன். இப்பிடியே சாமானைப் போலக் கதிரையில போட்டு மூடி வைக்கிறது?

அந்தக் கோபம் அன்ரியில இல்லை. அது எனக்குத் தெரியும். என்ர வீட்டு அலுமாரிக்குள்ள, சீலையளுக்குக் கீழ, கிரிதரின்ர அப்பான்ர படம் கிடக்கு. மாமா ஊரில சங்கக்கடை மனேச்சரா இருந்தவர். ஒருநாள் பின்னேரம் இயக்கத்தால வந்து கூட்டிக்கொண்டு போச்சினம். விடியப் பாத்தால் சந்தி லைற் கம்பத்தில கட்டுண்டு செத்துக் கிடந்தார். கழுத்தில ஒரு மட்டை, அதில 'துரோகி' எண்டு எழுத்து. ஆமிக்குப் பெடியளின்ர பேர் குடுத்தவர் எண்டு பாதிச்சனம் சொல்லும். பிடிபட்ட பெடியளை விடச்சொல்லிக் கெஞ்சத்தான் ஆமிக் காம்புக்குப் போனவர் எண்டு மிச்சச்சனம் சொல்லும். இண்டைக்கும் அப்பிடித்தான். கிரிதர் வாயே திறக்கமாட்டார். எத்தினை தரம் கேட்டுப்போட்டன், படத்தை எடுத்துக் கொழுவுவம் எண்டு. "சுவரில வேண்டாம்" எண்டுவார். அதோட கதை முடிஞ்சுது.

அதால, கிரிதர் பெயின்ற் வாங்கக் கடைக்குப் போன நேரம் பாத்து நான் ஆணி அடிச்சன். அந்த ரண்டு ஓட்டைக்குள்ளாலயும் கயிறு விட்டுப் படத்தைக் கொழுவினன். வானிலயிருந்து இறக்கின சாமான் பெட்டிக்குள்ள, ஹம் நகரக் கோயில் தேருக்கு வாங்கின பிளாஸ்ரிக் மல்லிகை மாலை கிடந்தது. அதை எடுத்துப் போட்டு, கீழ ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினன். பாக்க நல்ல வடிவாத்தான் இருந்தது.

கிரிதர் வந்து வாசலிலயே நிண்டிட்டார். கை தன்பாட்டில கழுத்துக்குப் போச்சு.

"ஆரப்பா இந்த மனிசனைத் தூக்கினது? இறக்கிவிடும்."

"உங்கட அப்பாவைத்தான் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறியள்," எண்டன். "இந்தாளாவது சுவரில இருக்கட்டும்."

அவர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெயின்ற் வாளியைத் திறந்தார். நான் இறக்கேல்லை. எனக்குப் பிடிவாதம் பிடிச்சால் பிடிச்சதுதான்.

அண்டு இரவு கிரிதருக்குத் தொடங்கின இருமல் விடியவும் நிக்கேல்லை. சவரம் எடுக்கேக்க கூப்பிட்டுக் கழுத்தைக் காட்டினார். நூல் வைச்சு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. சால்வை உரசினதாக்கும் எண்டம். டொக்டர் பெயின்ற் ஒவ்வாமை எண்டு களிம்பு தந்தார். களிம்பு பூசப் பூசக் கோடு கறுத்துக்கொண்டே வந்தது. குரல் அடைச்சுப் போச்சு. சோறு இறங்கேல்லை, கஞ்சிதான். ராத்திரியில அவர் மூச்சு இழுக்கிறதைக் கேட்டுக்கொண்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்தன். இந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால் எனக்கு இந்த நாட்டில ஆர் இருக்கினம் எண்ட ஒரே யோசினைதான்.

வேலையை விடுங்கோ எண்டு சண்டை பிடிச்சன். வாக்குக் குடுத்தது, அன்ரி வாறதுக்கு முதல் முடிக்கவேணும் எண்டார்.

அந்த வீட்டில சத்தமும் கேட்கத் தொடங்கிச்சுது. கிணத்துக் கயிறு பாரத்தோட ஆடினால் ஒரு சத்தம் வருமே, கிரீச் எண்டு, அது. மெல்லமாய். நாங்கள் கதைச்சால் நிக்கும். கதையை விட்டால் திரும்பத் தொடங்கும். படம் ஆடேல்லை, நான் வடிவாப் பாத்தனான். கம்பளி மணத்தோட இப்ப குதிரை வேர்வை மணமும் சேந்து, புதுப் பெயின்ற் மணத்தையே அமத்திப்போட்டுது.

ஒருநாள் ஏணியில நிண்டுகொண்டு கிரிதர் அடைச்ச குரலில சொன்னார். "ஆரோ பின்னால நிண்டு என்ர கொலரைச் சரி பண்ணுகினம், சுலோ."

அடுத்த நாள் மத்தியானம் நான் மட்டும் அன்ரியைப் பாக்கப் போனனான். சூப் குடுத்து, தலையணையைச் சரியா வைச்சுவிட்டு, வீட்டுக் கதையளைச் சொல்லிக்கொண்டு வந்தன். உங்கட முப்பாட்டன்ர படத்தையும் வடிவாக் கொழுவி விட்டிருக்கிறன் எண்டு கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னனான்.

அன்ரியின்ர கையில இருந்த கரண்டி போர்வையில விழுந்தது.

"கயித்திலயோ?" எண்டு கேட்டா.

ஓம் எண்டன்.

அவ சொன்னதை அப்பிடியே சொல்லுறன். இருநூறு வருசத்துக்கு மேலயாம். அயல் ராச்சியங்கள் போலந்தைப் பங்கு போட்ட காலம். பிரபுக்கள் கொஞ்சப்பேர் ரஷ்ய மகாராணியின்ர ஆதரவோட சொந்த நாட்டுப் புதுச் சட்டத்துக்கு எதிரா எழும்பினவையாம். சனம் திரும்பி எழும்பினபோது ஓடினவை தப்பிச்சினம். ஓடினவையைப் பிடிக்கேலாமல், அவையின்ர படத்தைக் கொண்டுவந்து தூக்குமரத்தில தூக்கினவையாம். வார்சாவில செய்ததைப் பாத்து அன்ரியின்ர ஊர்ச்சனமும் செய்துதாம். அந்த ஓட்டை ரண்டும் அப்ப போட்டதுதான். படத்தைத் தூக்கின அதே பின்னேரம், எங்கேயோ தூரத்தில ஒளிச்சிருந்த மனிசன் படுக்கையில செத்துக் கிடந்தாராம், கழுத்தில கயித்துத் தடத்தோட. அவர் நாட்டை வித்தவர் எண்டு குடும்பத்தில பாதி சொல்லுமாம். தன்ர ஊரைக் கொளுத்தாமல் காப்பாத்தத்தான் கையெழுத்து வைச்சவர் எண்டு மற்றப் பாதி. இண்டைக்கும் சாப்பாட்டு மேசையில சண்டையாம். ஆனா ஒண்டில மட்டும் எல்லாருக்கும் ஒரே முடிவு. அந்தப் படத்தை ஆரும் கொழுவக் கூடாது. கதிரையில இருத்தவேணும். அன்ரியின்ர தமையன் ஒருக்கால் பகிடிக்குக் கொழுவினவர். அவர் அந்த வருசத்து நத்தாரைக் காணேல்லை.

மாமாவை நினைச்சன். அந்த மட்டையை நினைச்சன்.

"உம்மட மனிசன் எங்க?" எண்டு அன்ரி கேட்டா.

"அங்கதான் நிக்கிறார்."

அன்ரி என்ர மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா. அந்த வயசில அவ்வளவு பலம் இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. "இறக்கி இருத்து. குடிக்க ஏதும் வை. குற்றவாளி எண்டும் சொல்லாதை, நிரபராதி எண்டும் சொல்லாதை. இருங்கோ எண்டு மட்டும் சொல்லு."

போன் அடிச்சன். எடுக்கேல்லை.

திரும்ப அடிச்சன்.

எடுக்கேல்லை.

ரக்சியில போற வழியெல்லாம் அடிச்சுக்கொண்டே போனன். முருகா, என்ர பிடிவாதத்துக்கு அந்தாளை எடுத்துப்போடாதை எண்டு வாய்விட்டு அழுதனான். ரக்சிக்காரன் திரும்பித் திரும்பிப் பாத்தான். போய் இறங்க வீடு இருட்டிக் கிடந்தது. எங்கட வான் மட்டும் வாசலில நிண்டது.

கதவைத் திறந்தன்.

கிரீச்.

"என்னப்பா?" எண்டு கூப்பிட்டன்.

கிரீச்.

உள்ளறைக்குள்ள மெழுகுதிரி எரிஞ்சுகொண்டு இருந்தது. நான் அண்டைக்கு அதைக் கொளுத்தேல்லை. அவரிட்ட நெருப்புப்பெட்டியே இல்லை.

படத்துக்குக் கீழ கிரிதர் சுவரோட நிண்டார். கால் பெருவிரல் நுனிதான் நிலத்தில பட்டது. ரண்டு கையாலயும் கழுத்தைப் பிராண்டினார். கழுத்தில ஒண்டுமே இல்லை. கண் பிதுங்கி என்னைப் பாத்தார். வாய் அசைஞ்சது, சத்தம் வரேல்லை.

நான் காலைப் பிடிச்சுத் தூக்கினன். கல்லுப் போலப் பாரம்.

அப்பதான் மேல பாத்தன். தொங்கிக் கிடந்த மாலை இப்ப தொங்கேல்லை. படத்தின்ர கழுத்தைச் சுத்தி, அந்த வெடிப்புக்கு மேல, இறுகிக் கிடந்தது.

சுவர்க் கடதாசி வெட்டுற கத்தி மேசையில கிடந்தது. கதிரையில ஏறி மாலையை வெட்டினன். பிளாஸ்ரிக்தானே, லேசா அறுபடவேணும். அறுபடேல்லை. தோலை அறுக்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டு அறுத்தன். பிறகு கயித்தையும் அறுத்தன். படம் என்ர நெஞ்சில சரிஞ்சுது. கீழ கிரிதர் பொத்தெண்டு விழுந்து, மூச்சை இழுத்தார். அந்தச் சத்தத்தைப் போல நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

ஆனா கயிறு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எங்கயெண்டு தெரியேல்லை. அறை முழுக்க.

படத்தைத் தலைமாட்டுக் கதிரையில இருத்தினன். என்ர பிளாஸ்க்கில கிடந்த தேத்தண்ணியை ஒரு கோப்பையில ஊத்தி முன்னால வைச்சன்.

"இருங்கோ ஐயா," எண்டன்.

சத்தம் நிண்டுது.

அண்டு இரவு வீட்டுக்கு வந்து நான் சால்வையைக் கூடக் கழட்டேல்லை, கிரிதர் நேரா அலுமாரிக்குப் போனார். சீலையளைத் தூக்கி அப்பான்ர படத்தை எடுத்தார். நான் பழக்கதோசத்தில ஆணி தேடப் போக, அவர் தலையை ஆட்டி வேண்டாம் எண்டார். எங்கட சாப்பாட்டு மேசைக் கதிரை ஒண்டை இழுத்து, அதில படத்தை வைச்சார். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். அவர்தான் வைச்சார். கிழிஞ்ச குரலில, எத்தினையோ வருசத்துக்குப் பிறகு, "இருங்கோ அப்பா" எண்டார்.

நான் குசினி அடுப்படியில போய் நிண்டு அழுதன். இவ்வளவு காலமும் சுவரில வேண்டாம் எண்டு கிரிதர் கேட்டது இதைத்தானே, எனக்கு விளங்கேல்லையே எண்டு.

விடிய எழும்பி வந்து பாத்தன். மாமா கதிரையில இருந்தார். கோப்பை காலியாக் கிடந்தது. கிரிதர் குடிச்சிருப்பார் எண்டு நினைச்சன். அவர் படுக்கையை விட்டே எழும்பேல்லை.

மேசைக்கு மற்றப் பக்கம் இன்னொரு கதிரை இழுபட்டு, மாமாவைப் பாத்தபடி நிண்டது. அதை நாங்கள் இழுக்கேல்லை. கிட்டப் போனன். கதிரை மெத்தை ஈரமாய் இருந்தது. நனைஞ்ச கம்பளி மணம்.

அன்ரி நத்தாருக்கு வீட்டுக்கு வந்திட்டா. வந்த அண்டே போன் எடுத்தா. பெயின்ற் நல்லாயிருக்காம், படம் கதிரையில இருக்காம். ஆனா அறை வெறுமையாக் கிடக்குதாம், தான் பிறந்த நாள் தொட்டு அப்பிடி இருந்ததில்லையாம். பிறகு, "உங்களோடயோ வந்தவர்?" எண்டு கேட்டா.

நான் மேசையைப் பாத்துக்கொண்டு, ஓம் எண்டன்.

கிரிதரின்ர குரல் திரும்பிச்சுது, கழுத்துக் கோடு போகேல்லை. பின்னேரம் இருட்டத் தொடங்க நான் ரண்டு கோப்பை தேத்தண்ணி வைக்கிறன். உள்ள கதைக்கிற சத்தம் மெல்லமாக் கேட்கும். என்ன பாஷையோ தெரியாது, நாங்கள் போய்க் கேட்கிறதில்லை. விடியப் பாத்தால் ரண்டு கோப்பையும் காலி.